அத்தாவின் கை, அம்மாவின் கால்

அஃப்ரினின் வாய் சில நேரம் அவளைக் கேட்காமலே திறந்துகொள்ளும். அன்று வகுப்பிலும் அப்படித்தான் ஆயிற்று.

கிள்ளான் நகரில் அவள் படிக்கும் பள்ளியில் ஒவ்வோர் ஆண்டும் விளையாட்டுப் போட்டி நடக்கும். தொடக்கத்தில் தலைமையாசிரியை தங்கமணி ஒரு வாகனத்தில் ஏறித் திடலைச் சுற்றி வந்து எல்லோருக்கும் கையசைப்பார். மாணவர்களைச் சிவப்பு, நீலம் என்று நிறப்பெயர் கொண்ட இல்லங்களாகப் பிரித்திருந்தார்கள். வாகனம் கொண்டுவரும் பொறுப்பு ஆண்டுக்கு ஓர் இல்லத்துக்கு வரும்.

சென்ற ஆண்டு சிவப்பு இல்லம் ஒரு லோரி கொண்டுவந்தது. நல்ல லோரிதான். ஆனால் அன்று விடியற்காலையில்தான் அதிலிருந்து மீன் இறக்கியிருந்தார்கள். தலைமையாசிரியை ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு மறு கையை அசைத்தபடி வந்தார். அவருக்குப் பின்னால் ஏழு பூனைகள் வந்தன.

இந்த ஆண்டு அஃப்ரின் இருக்கும் நீல இல்லத்தின் முறை.

"யார் வீட்டில் வாகனம் இருக்கிறது?" என்று வகுப்பாசிரியர் கேட்டார்.

"எங்க அத்தா சொந்தமா கார் செய்றாரு டீச்சர்!" என்று அஃப்ரினின் வாய் சொல்லிவிட்டது.

பக்கத்து வரிசையிலிருந்த குகன் திரும்பினான். "சொந்தமாவா? உங்க அத்தா ஃபேக்டரி வச்சிருக்காரா?"

"இல்ல. வீட்டு வாசல் போர்ச்சுல செய்றாரு."

"முடிஞ்சிருச்சா?"

"கிட்டத்தட்ட."

அந்தக் 'கிட்டத்தட்ட' இரண்டு வருடமாக அவள் வீட்டில் சொல்லப்பட்டுவரும் சொல் என்பதை அஃப்ரின் யாரிடமும் சொல்லவில்லை.

இடைவேளையில் தலைமையாசிரியை அவளை அழைத்தார்.

"அந்தக் காரில் நான் உட்காரலாமா?"

"உட்காரலாம் டீச்சர்."

"உட்கார்ந்தால் உடையாதே?"

அஃப்ரின் தன் காலணியின் நுனியைப் பார்த்தாள். தலைமையாசிரியை அதைக் கவனித்தார்.

"சரி. பட்டறை வைத்திருக்கும் ஒருவர் அதைச் சோதித்துப் பார்த்து, வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் எனக்குப் போன் செய்து சொல்லவேண்டும். இல்லையென்றால் அந்த லோரிதான்." லோரி என்றதும் அவர் கை தானாக மூக்குக்குப் போயிற்று.

*

அஃப்ரினின் அத்தா ஜெய்னுதீன் தலைநகரின் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில் ஒரு சாப்பாட்டுக் கடையில், பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய் போடுபவர். விடியுமுன் கொமுட்டர் ரயிலேறிப் போவார். மதியம் மூன்று மணிக்குத் திரும்பிவிடுவார். மாவை அவர் வீசும் அழகைப் பார்ப்பதற்காகவே சிலர் இரண்டாவது ரொட்டி சொல்வார்கள். ஒவ்வொரு வீச்சுக்கும் அவருடைய வலது கால் தரையில் 'டப்' என்று ஒரு தட்டுத் தட்டும். வீச்சு, டப். வீச்சு, டப்.

மதியத்துக்கு மேல் அவர் கார் செய்வார். இரும்புக் குழாய்களால் ஆன உடம்பு, பழைய மோட்டார் சைக்கிள் எஞ்சின், நான்கு சின்னச் சக்கரங்கள், இரண்டே இருக்கைகள். சாலையில் ஓட்ட அதற்கு அனுமதி கிடையாது. திடலில் ஓட்டலாம்.

அன்று அவர் வீட்டுக்குள் நுழைந்ததும் அஃப்ரின் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். திட்டு விழும் என்று நினைத்தாள். அத்தாவோ செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

"தலைமையாசிரியையா? என் காருலயா?"

"ஆமா அத்தா."

"அவங்கள பக்கத்துல உட்கார வச்சு நான் ஓட்டணுமா?"

"ஆமா."

"ருக்கையா!" என்று அவர் உள்ளே பார்த்துக் கத்தினார். "கேட்டியா? நம்ம காரு பள்ளிக்கூடத்துக்குப் போகுது!"

உள்ளே தையல் மெஷினின் சத்தம் நின்றது. அஃப்ரினின் அம்மா ருக்கையா வீட்டிலேயே அக்கம்பக்கத்தாருக்குத் துணி தைப்பவர்.

"முதல்ல அது கேட்டைத் தாண்டட்டும்" என்று அம்மாவின் குரல் வந்தது. மறுபடி மெஷின் ஓடியது.

*

கார் முடியாததற்குக் காரணம் ஆறு இணைப்புகள். சக்கரங்களைத் தாங்கும் குழாய்களை உடம்போடு சேர்க்கவேண்டிய இடங்கள் அவை. குழாய்கள் மெல்லியவை. அதனால் டிக் வெல்டிங்தான் சரிவரும் என்றார் எதிர்வீட்டு ராஜன் அங்கிள். அவர் சைலன்சர் பட்டறை வைத்திருப்பவர். தன் பட்டறையிலிருந்த உபரி மெஷினை ஒரு வாரத்துக்குக் கடனாகத் தந்தார். கூடவே மூன்று வெல்டிங் முகமூடிகளும் தந்தார்.

"வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்கு வந்து பார்ப்பேன் ஜெய்னு. நல்லா இருந்தா நல்லா இருக்குன்னு சொல்வேன். இல்லன்னா இல்லதான். ஆள் உட்கார்ற வண்டி, பொய் சொல்ல முடியாது லா."

"நீங்க வந்து பாருங்க அண்ணே, அசந்து போயிடுவீங்க!"

திங்கட்கிழமை அசந்துபோனது அத்தாதான்.

டிக் வெல்டிங்கில் வலது கையில் பேனா மாதிரி ஒரு டார்ச் பிடிக்கவேண்டும். அதன் நுனியிலுள்ள ஊசியிலிருந்து வெளிச்சம் பாய்ந்து இரும்பை உருக்கும். இடது கையால் ஒரு மெல்லிய கம்பியை அந்த உருகலில் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டவேண்டும். வலது காலின் கீழே ஒரு பெடல் இருக்கும். அமுக்கினால் சூடு ஏறும், விட்டால் இறங்கும். இவை மூன்றையும் ஒரே நேரத்தில் செய்யவேண்டும். காற்றடித்தால் டார்ச்சிலிருந்து வரும் வாயு கலைந்து ஒட்டு கெட்டுவிடும் என்பதால் மின்விசிறியும் போடக்கூடாது. கிள்ளான் வெயிலில், நீளக் கை சட்டையோடும் தோல் கையுறையோடும் அத்தா ஆவியில் வேகும் இடியாப்பம்போல உட்கார்ந்திருந்தார்.

முகமூடி இல்லாமல் அந்த வெளிச்சத்தைப் பார்க்கக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். அஃப்ரின் தூரத்தில், முகமூடி போட்டு, முழுக்கை சட்டையோடு உட்கார்ந்திருந்தாள். முகமூடி அவள் தோள்வரை வந்தது. தலையைத் திருப்பினால் முகமூடி திரும்பாமல் பழைய திசையையே பார்த்தது.

'ஸ்ஸ்ஸ்' என்று ஆரம்பித்தது. பிறகு 'பொக்' என்றது. அத்தா முகமூடியைத் தூக்கினார். பழகிப் பார்க்க எடுத்த குழாய்த் துண்டில் ஓட்டை.

அடுத்த துண்டிலும் ஓட்டை. அதற்கடுத்ததில் ஊசி உருகலில் போய் ஒட்டிக்கொண்டது. அத்தா எழுந்துபோய் அதைச் சாணை பிடித்துக் கூராக்கிக்கொண்டு வந்தார். மறுபடி பொக்.

சாயங்காலம் அம்மா தேநீர் கொண்டுவந்தார். வரிசையாக வைத்திருந்த துண்டுகளைப் பார்த்தார்.

"புல்லாங்குழல் செய்றீங்களா?"

அத்தா தேநீரைக் குடித்தார்.

*

செவ்வாய்க்கிழமை அஃப்ரின் வெளிச்சத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு அத்தாவைப் பார்த்தாள். கை மெதுவாகத்தான் போயிற்று. ரொட்டி வீசிய மணிக்கட்டு, குழாயின் வளைவைச் சுற்றி வெண்ணெய்போல வழுக்கிக்கொண்டு போயிற்று. கம்பி ஊட்டும் இடது கையும் சரிதான். பிறகு ஏன் ஓட்டை விழுகிறது?

அவள் பார்வை கீழே இறங்கியது.

டப்.

கை கொஞ்சம் நகர்ந்தால் கால் ஒரு தட்டு. பதினெட்டு வருடம் ரொட்டி வீசிய கால் ஆயிற்றே! அத்தா நினைக்காவிட்டாலும் அது தட்டியது. தட்டிய இடத்திலோ பெடல் இருந்தது. சூடு குபீரென்று ஏறியது. பொக்.

"அத்தா! உங்க கால்தான் அத்தா! ரொட்டி போடுது!"

அத்தா நம்பவில்லை. அஃப்ரின் ஒரு சாக்கட்டியை எடுத்துவந்து, அத்தாவின் ஷூவுக்கு அடியில் தேய்த்துவிட்டாள். பெடலைத் தள்ளி வைத்துவிட்டு, சும்மா டார்ச்சைப் பிடித்து வெல்டிங் செய்வதுபோலப் பாவனை செய்யச் சொன்னாள். முடிந்ததும் தரையைக் காட்டினாள். ஒரே இடத்தில் பதினோரு வெள்ளைத் தடம், ஒன்றின்மேல் ஒன்று.

அத்தா தன் காலைக் குனிந்து பார்த்தார். தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"இதுக்கு என்ன பண்றது?"

"அம்மா மெஷின்லயும் பெடல் இருக்கு. அதுல மெதுவா அமுக்கிப் பழகுங்க."

நல்ல யோசனைதான். புதன்கிழமைவரை எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

*

புதன்கிழமை அம்மா ஒரு பழைய தலையணை உறையைக் கொடுத்தார். அதன்மேல் அஃப்ரின் சாக்கட்டியால் நேர்க்கோடு போட்டாள். அத்தா தையல் மெஷின் முன்னே உட்கார்ந்தார்.

"மெதுவா" என்றார் அம்மா.

"தெரியும்."

"கோழிக்குஞ்சை மிதிக்காம நடக்கற மாதிரி."

"தெரியும் ருக்கையா."

டப்!

மெஷின் 'டர்ர்ர்' என்று அலறியது. தலையணை உறை கோட்டை விட்டு விலகி, வளைந்து, அத்தாவின் வயிற்றுப் பக்கம் திரும்பியது. பதற்றத்தில் அத்தா இன்னும் அழுத்தி மிதித்தார். அஃப்ரின் ஓடிப்போய்ச் சுவரிலிருந்த சுவிட்சை அணைத்தாள்.

அத்தா மூச்சு வாங்க எழுந்தார். அவரோடு சேர்ந்து தலையணை உறையும் எழுந்தது. சட்டையின் கீழ் ஓரத்தோடு அது கச்சிதமாகத் தைக்கப்பட்டிருந்தது. நூலைப் பிரிக்க அம்மா கத்தரிக்கோல் தேடிக்கொண்டிருந்தபோது வாசலில் மணி அடித்தது. அத்தா அவசரத்தில் அப்படியே போய்க் கதவைத் திறந்தார்.

வெளியே நின்றவர் மூன்றாவது வீட்டுப் பவுனம்மாள் ஆன்டி. தைக்கக் கொடுத்த ரவிக்கையை வாங்க வந்திருந்தார். அத்தாவின் வயிற்றிலிருந்து பூப்போட்ட தலையணை உறை தொங்குவதை அவர் மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன தம்பி, ருக்கையா இப்ப ஆம்பளைங்களுக்கும் தைக்குதா?"

"இல்ல ஆன்டி, இது... கார் வேலை."

பவுனம்மாள் ஆன்டி ஓர் அடி பின்னால் போனார். "என் ரவிக்கை முடிஞ்சிருச்சா? நீங்க தொடலையே?" என்றார்.

அம்மா சிரித்தார். அஃப்ரின் சிரித்தாள். அத்தாவும் சிரித்தார். ஆனால் பவுனம்மாள் ஆன்டி போன பிறகு அவர் போர்ச்சுக்குப் போய், கார் உடம்பின் குழாய்மேல் உட்கார்ந்துகொண்டார். அஃப்ரின் பக்கத்தில் போய் நின்றாள்.

"டீச்சர்கிட்ட அந்த லோரியே வரட்டும்னு சொல்லிடுமா" என்றார் அத்தா. "உன்னைய எல்லாரும் கிண்டல் பண்ணுவாங்க, தெரியும். மன்னிச்சிரு."

அத்தா அவளிடம் மன்னிப்புக் கேட்டு அவள் பார்த்ததே இல்லை. குகன் சிரிப்பானே என்பது அந்த நேரத்தில் அவளுக்கு நினைவுக்குக்கூட வரவில்லை. இரண்டு வருடமாக அத்தா அளந்து அளந்து வெட்டிய குழாய்கள்தான் கண்ணில் பட்டன. ஒவ்வொன்றின் மேலும் பென்சிலால் எண் எழுதியிருந்தார்.

"நாளைக்குச் சொல்லிக்கலாம் அத்தா" என்றாள். "நாளைக்கு இல்ல, வெள்ளிக்கிழமை."

*

வியாழக்கிழமை பள்ளிவிட்டு வந்ததும் அஃப்ரின் சோற்றுத் தட்டோடு அம்மாவின் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அம்மா மலாய்ப் பெண்கள் உடுத்தும் பாஜு குரோங் சட்டை ஒன்றின் கழுத்து வளைவைத் தைத்துக்கொண்டிருந்தார். பட்டுத்துணி. கொஞ்சம் பிசகினாலும் சுருங்கிவிடும்.

நேரான இடத்தில் மெஷின் ஓடியது. வளைவு வந்ததும் நடந்தது. முனை வந்ததும் தவழ்ந்தது. அம்மாவின் கால் நகர்வதே தெரியவில்லை. அம்மா காலைப் பார்க்கவும் இல்லை. துணியை மட்டும் பார்த்தார்.

அஃப்ரின் வாயருகே கொண்டுபோன கவளத்தை மறந்தாள்.

"அம்மா, அந்த வெல்டிங் பெடலோட ஒயர் எவ்வளவு நீளம்?"

"எனக்கு என்ன தெரியும்? நாலு முழம் இருக்கும்."

"அப்ப அதை மிதிக்கறது அத்தா காலாதான் இருக்கணும்னு இல்லயே?"

அம்மா மெஷினை நிறுத்தினார். "ஏய். என்ன சொல்ற நீ?"

"டார்ச் அத்தா பிடிக்கட்டும். பெடல் நீங்க மிதிங்க."

"எனக்குக் கார் பத்தி ஒண்ணும் தெரியாதுடி."

"உங்க காலுக்குத் தெரியவேண்டாம்மா. சூடு எப்ப ஏறணும், எப்ப இறங்கணும்னு தெரிஞ்சா போதும்."

அம்மா ஒத்துக்கொள்ளக் கால் மணி நேரம் ஆயிற்று. இனி அத்தாவிடம் சொல்லவேண்டும். இதை எப்படிச் சொல்வது என்று அஃப்ரின் நிறைய யோசித்தாள். 'அம்மா உங்களைவிட நல்லா செய்வாங்க' என்று சொன்னால் அத்தாவின் முகம் வாடிப்போகும். அது உண்மையும் இல்லை. அந்த மணிக்கட்டு அம்மாவிடம் கிடையாது.

அத்தா வந்ததும் அவள் சொன்னாள். "அத்தா, உங்க ரெண்டு கையும் சூப்பரா வேலை செய்யுது. கால் மட்டும் லீவு கேக்குது. ரெண்டு நாளைக்கு லீவு குடுத்துருங்க. பதிலுக்கு வேற ஆள் வச்சிருக்கேன்."

"யாரு?"

அம்மா நீளக் கை சட்டையும் தடித்த காலணியும் போட்டு, கையில் முகமூடியோடு வாசற்படியில் நின்றார். அத்தா அவரையும் அஃப்ரினையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ராஜன் அண்ணன் பார்த்தா சிரிப்பாரு."

"அவரு சிரிக்கறதுக்குள்ள முடிச்சிரலாம், வாங்க" என்றார் அம்மா.

*

முதல் முயற்சி மோசமாகப் போயிற்று.

"ஏத்து!" என்று கத்தினார் அத்தா. அம்மா திடுக்கிட்டுக் காலை எடுத்துவிட்டார். வெளிச்சம் அணைந்தது.

"ஏன் நிறுத்துன?"

"நீங்க ஏன் கத்துனீங்க?"

"ஏத்துன்னு சொன்னேன்!"

"முகமூடிக்குள்ள 'ஆத்து'ன்னு கேட்டுச்சு!"

இரண்டாவது முறை யாரும் கத்தவில்லை. ஆனால் பழக்கத்தில் அத்தாவின் கால் 'டப்' என்று தட்டியது. இப்போது பெடலின்மேல் அம்மாவின் பாதம் இருந்தது. பாதம் பெடலோடு சேர்ந்து அமுங்கியது. பொக்.

"ஆ! என் காலு!"

அஃப்ரின் இரண்டு சட்டம் போட்டாள். முதல் சட்டம்: வெளிச்சம் எரியும்போது யாரும் பேசக்கூடாது. அம்மா உருகலைப் பார்த்து மட்டும் மிதிக்கவேண்டும். இரண்டாவது: அத்தாவின் வலது கால் தனியாக உட்காரவேண்டும். அதற்காக அவள் மணல் நிரப்பிய பழைய வாளி ஒன்றை எடுத்துவந்து, அத்தா உட்கார்ந்திருந்த பக்கத்தில் தள்ளி வைத்தாள். அத்தா அதற்குள் காலை விட்டுக்கொண்டார். கால் எவ்வளவு தட்டினாலும் மணலுக்குள் 'புஸ்' என்பதோடு சரி.

மூன்றாவது முறை. 'ஸ்ஸ்ஸ்' என்று ஆரம்பித்தது. அஃப்ரின் முகமூடிக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். 'பொக்' வரும் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. அந்தச் சீரான சத்தம் போய்க்கொண்டே இருந்தது. உருகல் அகலமாகும்போது அம்மாவின் கால் லேசாக மேலே வந்தது. சுருங்கும்போது கீழே போயிற்று. வாளிக்குள் அத்தாவின் கால் புஸ், புஸ் என்று ரொட்டி போட்டுக்கொண்டிருந்தது.

வெளிச்சம் அணைந்தது. மூவரும் முகமூடியைத் தூக்கினார்கள். குழாயைச் சுற்றி, அடுக்கி வைத்த சில்லறைக் காசுகள்போல, ஒரே அளவாகச் செதில் செதிலான கோடு.

"ஏய்" என்றார் அத்தா மெதுவாக.

"நேராதான் வந்திருக்கு" என்றார் அம்மா. தான் தைத்த துணியைப் பார்ப்பதுபோல் தலையைச் சாய்த்துப் பார்த்தார். "அந்த முனையில கொஞ்சம் தடிச்சிருச்சு. இன்னொண்ணு போடுங்க."

அன்று அவர்கள் பதினான்கு துண்டுகள் போட்டார்கள். கடைசி ஒன்பதில் ஓட்டையே இல்லை.

*

வெள்ளிக்கிழமை அத்தா விடுப்பு எடுத்துக்கொண்டார். ஜும்மா தொழுகை முடிந்து வந்ததும் வேலை தொடங்கியது. எஞ்சினைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தார்கள். நான்கு மணிக்குள் ஐந்து இணைப்புகள் முடிந்தன. நாலரைக்கு ஆறாவது வம்பு செய்தது.

அது அடிப்பக்கத்தில் இருந்தது. அத்தா தரையில் மல்லாந்து படுத்தால் டார்ச் எட்டியது. ஆனால் அம்மாவுக்கு உருகல் தெரியவில்லை. அம்மாவும் குப்புறப் படுத்துப் பார்த்தார். உருகல் தெரிந்தது, பெடல் எட்டவில்லை. பெடலை நகர்த்தினால் மணல் வாளிக்கு இடமில்லை. அத்தா காரின் இந்தப் பக்கமும் அம்மா அந்தப் பக்கமும் படுத்துக்கொண்டு, யார் எப்படித் திரும்பவேண்டும் என்று விவாதித்தார்கள். கால் மணி நேரம் போயிற்று.

"நீ கொஞ்சம் சாய்ஞ்சு படு."

"இதுக்கு மேல சாய்ஞ்சா நான் பக்கத்து வீட்டுக்குப் போயிடுவேன்."

அஃப்ரின் முகமூடியைக் கழற்றினாள். "வண்டியைக் கவுத்துப் போட்டா என்ன?" என்று கேட்டாள்.

காருக்கு அடியிலிருந்து இரண்டு தலைகள் ஒரே நேரத்தில் வெளியே வந்தன.

"இதை நீ அப்பவே சொல்லக்கூடாதா?" என்றார் அத்தா, தூசியோடு எழுந்துகொண்டே.

எஞ்சின் இல்லாத உடம்பு கட்டிலைவிடக் கனம் குறைவுதான். மூவரும் சேர்ந்து பிடித்ததும் அது ஆமைபோலக் கவிழ்ந்தது. ஐந்து மணிக்கு ராஜன் அங்கிள் கேட்டைத் திறந்தபோது ஆறாவது இணைப்பு முடிந்து ஆறிக்கொண்டிருந்தது.

ராஜன் அங்கிள் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். டார்ச் லைட் அடித்து ஒவ்வோர் இணைப்பையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். சுத்தியலால் தட்டிக் காதைச் சாய்த்துக் கேட்டார். பிறகு காரை நிமிர்த்தச் சொன்னார். அதன்மேல் ஏறி நின்றார். ராஜன் அங்கிள் சின்ன ஆள் இல்லை. அவர் மேலே நின்று மூன்று முறை குதித்தார். போர்ச்சில் காய்ந்த துணிகள் ஆடின. கார் ஆடவில்லை.

அஃப்ரின் இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஜெய்னு" என்றார் அவர் இறங்கி வந்து. "யாரைக் கூப்பிட்டு செஞ்ச? உண்மையைச் சொல்லு."

"யாரையும் கூப்பிடல அண்ணே. வீட்டுலயே செஞ்சோம்."

"செஞ்சோமா?"

அத்தா தொண்டையைச் செருமினார். அம்மாவைப் பார்த்தார். "கை என்னுது. கால் ருக்கையாவோடது. யோசனை இவளோடது."

ராஜன் அங்கிள் முதலில் புரியாமல் நின்றார். அஃப்ரின் வாளியைக் காட்டி விளக்கினாள். புரிந்ததும் அவர் சிரித்த சிரிப்பில் மூக்குக் கண்ணாடி கீழே விழுந்தது.

"முப்பது வருஷமா பட்டறை வச்சிருக்கேன் லா, இப்படி ஒண்ணு கேட்டதே இல்ல! யாருகிட்டயும் சொல்லிடாதீங்க. என் கடைப் பசங்க நாளைலேருந்து ஆளுக்கு ஒரு கால் கேப்பானுங்க!"

பிறகு போனை எடுத்தார். "ஹலோ, தலைமையாசிரியைங்களா? தைரியமா உட்காருங்க டீச்சர். நான் குதிச்சுப் பார்த்துட்டேன்."

அத்தா சட்டென்று திரும்பிக் கொடியில் காய்ந்த துணியைச் சரிசெய்ய ஆரம்பித்தார். அது ஏற்கனவே சரியாகத்தான் இருந்தது. அம்மா அவர் பக்கத்தில் போய் நின்று, துணியின் மறுமுனையைப் பிடித்தார்.

*

சனிக்கிழமை காலை திடலில் வெயில் ஏறுவதற்குள் கூட்டம் கூடிவிட்டது. ராத்திரியே எஞ்சினைப் பூட்டி நீலச் சாயம் பூசி, ராஜன் அங்கிளின் பட்டறை வண்டியில் ஏற்றிவந்து இறக்கிய சின்னக் கார் பள்ளி வாசலில் நுழைந்தபோது, "அட, உண்மையிலேயே காரு!" என்று குகன் கத்தினான். ஓடிவந்து சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தான்.

"நல்லா இருக்கு" என்றான். பிறகு, "பூனை ஒண்ணும் வரலயே" என்றான்.

"வராது" என்றாள் அஃப்ரின். இருவரும் சேர்ந்து சிரித்தார்கள்.

தலைமையாசிரியை தங்கமணி காரைச் சுற்றி ஒருமுறை நடந்தார். இருக்கையைக் கையால் அழுத்திப் பார்த்தார். பிறகு பாதி உட்கார்ந்தார். ஒன்றும் ஆகவில்லை. முழுதாக உட்கார்ந்தார். இரண்டு கைகளாலும் முன்னாலிருந்த குழாயைப் பிடித்துக்கொண்டார்.

"மெதுவாக ஓட்டுங்கள்."

"சரிங்க டீச்சர்."

அத்தாவின் கால் பெடலுக்குப் போவதை அஃப்ரின் திகிலோடு பார்த்தாள். பக்கத்தில் அம்மாவும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் இரண்டு வருடமாகக் காத்திருந்த ஆள் அவர். வீச வேலையில்லாத கை ஸ்டியரிங்கைப் பிடித்திருக்க, கால் பூப்போல இறங்கியது. எஞ்சின் உறுமியது. கார் கிளம்பியது.

முதல் திருப்பம் வரை தலைமையாசிரியை குழாயை விடவில்லை. இரண்டாவது திருப்பத்தில் ஒரு கையை எடுத்து அசைத்தார். மூன்றாவதில் இரண்டு கைகளையும் தூக்கினார். பள்ளியே கைதட்டியது. எந்த வகுப்பும் பார்த்திராத ஒரு சிரிப்பு அவர் முகத்தில் இருந்தது.

சுற்று முடிந்து கார் மேடைக்கு முன்னே வந்து நின்றது. ஆசிரியர்கள் அவரை இறக்கிவிட ஓடி வந்தார்கள். மைக்கைப் பிடித்தவர், "இப்போது தலைமையாசிரியை அவர்கள் இறங்கி வந்து போட்டியைத் தொடங்கி வைப்பார்" என்றார்.

தலைமையாசிரியை இறங்கவில்லை. சேலை முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, அத்தாவின் பக்கம் சாய்ந்து ஏதோ மெல்லக் கேட்டார்.

அத்தா தலையாட்டினார். கார் இரண்டாவது சுற்றுக்குக் கிளம்பியது.